ஃபெல்ட் தொப்பியின் விளிம்பை வீட்டிலேயே வளைக்கலாமா? தண்டையார்பேட்டை நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைய கேள்வியை அனுப்பியவர் தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ஒரு தம்பி. பறவை பார்க்க அடிக்கடி பழவேற்காட்டுக்குப் போகிறாராம். அதற்காக அகல விளிம்பு வைத்த கம்பளி ஃபெல்ட் (நெய்யாமல், இழைகளை அழுத்திச் செய்த துணி) தொப்பி ஒன்றை கூரியரில் வரவழைத்திருக்கிறார். பெட்டிக்குள் நசுங்கி வந்ததால் விளிம்பு அலையலையாக நிற்கிறது. "இதை நேராக்கி, இரண்டு பக்கமும் மேலே தூக்கி, முன்பக்கத்தைத் தாழ்த்திவிட ஆசை. வீட்டில் செய்தால் தொப்பி கெட்டுவிடுமா?" என்று கேட்கிறார்.

கெடாது தம்பி, ஆவியும் சூடும் காட்டித் தாராளமாகச் செய்யலாம். கம்பளி ஃபெல்ட் என்பதால்தான் இவ்வளவு துணிவாகச் சொல்கிறேன். இதே வேலையை மெழுகு பூசிய கேன்வாஸ் தொப்பிக்குச் செய்தால் மெழுகு உருகித் திட்டுத் திட்டாகிவிடும். அதனால் மற்ற நேயர்களும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் தொப்பியைத் திருப்பி, உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படித்துவிடுங்கள்.

கம்பளி இழை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஈரமும் சூடும் சேர்ந்து படும்போது அந்தப் புரதத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. ஆறி உலரும்போது, அந்த நேரத்தில் எந்த வடிவத்தில் பிடித்திருக்கிறோமோ அந்த வடிவத்திலேயே மறுபடியும் பிணைகின்றன. விறைப்புக்காக ஷெல்லாக் என்ற அரக்கு ஏற்றிய ஃபெல்ட் என்றால், அதுவும் சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும். ஆக, வடிவம் நிலைப்பது ஆறுகிற நேரத்தில். ஆவி காட்டி வளைத்த கையோடு தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, "நிற்கவே இல்லை" என்று வருந்துபவர்கள் பலர். விளிம்பைத் தொட்டால் சூடே தெரியாத நிலை வரும் வரை கையை எடுக்காதீர்கள். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அதனால் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து செய்வது நல்லது.

முதலில் அலையைப் போக்குவோம். தொப்பியின் உச்சி மேசைக்கு வெளியே தொங்கும்படி, விளிம்பை மட்டும் மேசை ஓரத்தில் பரப்புங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, விளிம்பின் அடிப்பக்கத்தில் விரியுங்கள். இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் வைத்துத் துணியின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்து இழுத்தால் ஃபெல்ட் நீண்டு, புதிதாக ஓர் அலை கிளம்பும். ஒரு பகுதி ஆறிய பிறகு கொஞ்சம் திருப்பி, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அடுத்தது வளைப்பது. கெட்டிலோ மூக்குள்ள பாத்திரமோ போதும். ஆவி வரும் இடத்தில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தொப்பியை அசைத்துக்கொண்டே இருங்கள். ஃபெல்ட் இளகினால் போதும், நனையக் கூடாது. உள்ளே இருக்கும் வியர்வைப் பட்டை தோலாக இருந்தால் அதன் மேல் ஆவி படவே விடாதீர்கள். அது சுருங்கிவிட்டால் தொப்பி தலைக்குச் சிறிதாகிவிடும், பிறகு பெரிதாக்குவது பெரும்பாடு. இடது கையையும் வலது கையையும் நெற்றியின் இரு ஓரங்களுக்கு நேராக வைத்து, கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாக, இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் வளையுங்கள். தனித்தனியாக வளைத்தால் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிற்கும். முதல் முறை பாதி வளைவு போதும். அணிந்து, கண்ணாடியில் பார்த்து, மறுபடியும் ஆவிக்குக் கொண்டுபோகலாம். அளவுக்கு மீறி வளைத்த விளிம்பை நேராக்குவதுதான் கடினம்.

இனி நீங்கள் ஆசைப்படும் வடிவத்துக்கு வருகிறேன். முன்பக்கம் தாழ்வது மிகச் சரி. நம் பக்கம் சூரியன் கடலுக்கு மேல் எழுவதால் விடிந்து சிறிது நேரத்துக்கெல்லாம் வெயில் நேராகக் கண்ணில் குத்தும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்விளிம்பு சற்றுக் குனிந்திருந்தால் எதிர்க்காற்றும் அதன் மேல்முகத்தை அழுத்தும். நிமிர்ந்திருந்தால் காற்று அடியில் புகுந்து தொப்பியைத் தூக்கிவிடும்.

இரண்டு பக்கமும் தூக்கி மடிப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் காதும் கழுத்தின் பக்கவாட்டும் முழுக்க வெயிலில் கிடக்கும். பெரியவர்களுக்கு விளிம்பு 7.5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவின் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு சொல்லும் அளவு. அகல விளிம்பைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு அதை மடித்துச் சுருக்குவானேன்? அதே ஆஸ்திரேலியாவின் படைவீரர்கள் தொப்பியின் இடது பக்கத்தை மேலே குத்திவைத்ததற்குக் காரணம் உண்டு, தோளில் சாய்க்கும் துப்பாக்கி விளிம்பில் இடிக்கக் கூடாது. நமக்கு அந்தத் தேவை இல்லை. சென்னை வட அட்சரேகை 13 டிகிரியில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது முகத்துக்கும் காதுக்கும் நிழல் தருவது விளிம்பின் அகலம் மட்டுமே. பக்கங்களை ஒரு விரல் உயரம் மெல்லத் தூக்கிவிடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தை முதுகுப்பையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். உயரமான பை என்றால் அதன் மேல்பகுதி பின்விளிம்பில் முட்டித் தொப்பியைக் கண்ணுக்குத் தள்ளும். அப்போது பின்பக்கத்தைத் தூக்கத்தான் வேண்டும், கழுத்துக்கு ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பழவேற்காட்டில் படகில் உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் பை மடியில் இருக்கும், பின்பக்கம் தாழ்ந்தே இருக்கட்டும். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, விளிம்பு அதில் இடிக்காத அளவுக்கு முன்வளைவை அமையுங்கள். ஏரியில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி கீழிருந்து வரும், அதை எந்த விளிம்பும் மறைக்காது. விளிம்பின் அடியில் கரும்பச்சைத் துணி ஒன்றைத் தைத்தால், தெறித்த ஒளி மறுபடியும் கண்ணுக்குத் திரும்புவது குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பளி ஃபெல்ட் மே மாதச் சென்னைக்கு ஏற்றதல்ல. வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து விளிம்பைத் தளரவைக்கும். அதை மார்கழி, தை மாதப் பயணங்களுக்கும் ஏற்காடு போன்ற மலைகளுக்கும் வைத்துக்கொண்டு, கோடைக்குப் பருத்தித் தொப்பி ஒன்று வாங்குங்கள். அதற்கு ஆவியே வேண்டாம். ஜவ்வரிசிக் கஞ்சியைச் சேலைக்குப் போடுவதைவிடச் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சி, விளிம்பை மட்டும் அதில் நனைத்து, கவிழ்த்த குடத்தின் மேல் மாட்டி, வேண்டிய வளைவைக் கொடுத்து நிழலில் உலர்த்துங்கள். மழையில் நனைந்தால் விறைப்பு போய்விடும், மறுபடியும் போட வேண்டும். கஞ்சிக்குக் கரப்பானும் வரும் என்பதால் பரண்மேல் போடாதீர்கள்.

கஞ்சி பிடிக்காதவர்கள் விளிம்பு மடிப்புக்குள் கம்பி கோக்கலாம். வளைத்த இடத்தில் நிற்க மெல்லிய அலுமினியக் கம்பி போதும். இரும்புக் கம்பி நம் கடற்காற்றில் துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கும். கம்பியின் நீளம் விளிம்பின் சுற்றளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். கூடினால் விளிம்பு அலையடிக்கும், குறைந்தால் கிண்ணமாகக் குவியும். இரு முனைகளும் பின்பக்கம் சேரட்டும். அவற்றின் மேல் டேப் சுற்றாவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

தோல் தொப்பி வைத்திருப்பவர்களும் கேட்டிருக்கிறீர்கள். ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்து, கையால் வளைத்து, துணி கிளிப் போட்டு நிழலில் விடுங்கள். கிளிப்புக்கு அடியில் மடித்த துணி வைத்தால் தடம் விழாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் சொன்னபடி நிற்கும். குரோமில் பதனிட்ட தோல் அவ்வளவாகப் பணியாது, அதற்குக் கம்பிதான். ஈரத்தோலை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் சுருங்கி விறைத்துவிடும். பனையோலை, வைக்கோல் தொப்பிகளை உலர்ந்த நிலையில் வளைத்தால் ஒடியும், தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் விட்டு வளையுங்கள். நைலானுக்கு இஸ்திரிப் பெட்டியே காட்டாதீர்கள்.

வடிவம் அமைந்த பிறகு தொப்பியை விளிம்பு தரையில் படும்படி வைக்காதீர்கள் தம்பி, உச்சி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். படகுக்கு ஒரு கயிறும் வேண்டும். காதுக்கு மேலே இரு பக்கமும் துளையிட்டு, உலோக வளையம் அடித்து, கயிற்றைக் கோத்து, காற்று இல்லாதபோது பின்மண்டைக்கும் காற்று எழும்போது தாடைக்கும் மாற்றிக்கொள்ளலாம். வண்ணாரப்பேட்டையில் பை தைப்பவர்கள் யாரிடம் கொடுத்தாலும் அந்த வளையத்தை அடித்துத் தருவார்கள்.