டிஸ்க் கால்ஃப் ஆட எத்தனை டிஸ்க் வேணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, வேளச்சேரியிலேருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. "எங்க அபார்ட்மென்ட்ல நாலஞ்சு குடும்பம் சேர்ந்து பக்கத்துப் பூங்காவுல டிஸ்க் கால்ஃப் ஆடலாம்னு இருக்கோம். சங்கிலிக் கூடை ஒண்ணு கிடைச்சிருக்கு. டிரைவர், மிட்ரேஞ்ச், பட்டிங் டிஸ்க் மூணும் இருக்கற செட்தான் வாங்கணும்னு சொல்றாங்க. வாங்கணுமா? என் ஒன்பது வயசுப் பொண்ணும் ஆடுவா. கூடைக்கு மேல டிஸ்க் உக்காந்துட்டா அது கணக்கான்னு அவ கேக்கறா."

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: டிஸ்க்னு சொல்ற தட்டை எறிஞ்சு எறிஞ்சு கூடைக்குள்ள போடற ஆட்டம்தான் டிஸ்க் கால்ஃப். டிரைவர் ரொம்ப தூரம் எறிய, மிட்ரேஞ்ச் நடுத்தர தூரத்துக்கு, பட்டிங் டிஸ்க் கூடைக்குப் பக்கத்துலேருந்து போட. அக்கா, ஆளுக்கு ஒரு பட்டிங் டிஸ்க் போதும். செட் ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா டிரைவரை வீட்லயே வெச்சுட்டு வாங்க.

ஏன்னு சொல்றேன். டிஸ்க் மேல நாலு நம்பர் போட்டிருக்கும். முதல் நம்பர் வேகம். பட்டிங் டிஸ்க்ல 2, 3ன்னு இருக்கும், டிரைவர்ல 6, 7லேருந்து 14 வரைக்கும்கூட போகும். அந்த நம்பர் டிஸ்க் தானா ஓடற வேகம் இல்லீங்க. அது ஒழுங்கா பறக்கணும்னா உங்க கை குடுக்க வேண்டிய வேகம். அதைக் குடுக்கலைன்னா என்ன ஆகும்? வலது கைக்காரங்க பேக்ஹேண்ட்ல, அதாவது கையை உடம்புக்குக் குறுக்க கொண்டுபோய் வெளிப்பக்கமா வீசி எறிஞ்சா, வேகம் குறையக் குறைய டிஸ்க் இடது பக்கம் சாஞ்சு இறங்கும். இடது கைன்னா வலது பக்கம். டிரைவர்ல இது பாதி தூரத்துலயே நடந்துடும். பட்டிங் டிஸ்க் மெதுவா எறிஞ்சாலும் ஓரளவு நேராப் போகும். டிரைவர் விளிம்பு வேற கூர்மையா இருக்கும், முழங்கால்ல பட்டா தெரியும் சேதி. பாப்பாவுக்கு 150 கிராம், அதுக்கும் கம்மியா கிடைச்சா இன்னும் நல்லது. பெசன்ட் நகர் பீச்ல அல்டிமேட் (தட்டை ஒருத்தருக்கொருத்தர் பாஸ் பண்ற டீம் ஆட்டம்) ஆடுற தட்டு 175 கிராம், அகலமும் ஜாஸ்தி. சின்னக் கைக்கு அது சிரமம்.

கூடை ஒண்ணுதான் இருக்கேன்னு கவலையே வேண்டாம். 1975ல கலிஃபோர்னியாவுல, டிஸ்க் கால்ஃபோட தந்தைன்னு சொல்ற எட் ஹெட்ரிக் ஓக் குரோவ் பூங்காவுல கோர்ஸ் (ஆட்டக்களம்) போட்டப்பவே கூடை கிடையாது, வெறும் கம்பம்தான். பட்டுச்சா படலையான்னு சண்டை வராம இருக்கத்தான் பின்னாடி சங்கிலிக் கூடையே வந்துச்சு. நீங்க ஸ்டூல் மேல துணிக்கூடையை வெச்சு இன்னொரு இலக்கு பண்ணிக்கலாம். மரத்தை மட்டும் இலக்கா வைக்காதீங்க, பட்டை உரிஞ்சுடும், வாட்ச்மேனும் விடமாட்டார். அவர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. தூரம் 40 மீட்டர், மிஞ்சிப்போனா 60. எறிய ஆரம்பிக்கற இடத்துலேருந்து கூடை வரைக்கும் இருக்கறதுதான் ஒரு ஹோல். ஒரே கூடைக்கு வெவ்வேற இடத்துலேருந்து எறிஞ்சா அதுவே வேற வேற ஹோல்.

ரூல் ரொம்ப இல்ல. டிஸ்க் விழுந்த இடத்துக்குப் பின்னாடி நின்னு அடுத்தது எறியணும். கூடைலேருந்து யார் தூரத்துல இருக்காங்களோ அவங்கதான் முதல்ல. கம்மியா எறிஞ்சவங்க ஜெயிச்சாங்க. 10 மீட்டருக்குள்ள வந்துட்டா எறிஞ்ச வேகத்துல முன்னாடி ஓடக்கூடாது, நிலையா நின்னுட்டு அப்புறம் நகரணும். பசங்களுக்கு மட்டும் இந்த ரூல் வேண்டாம்.

நான் கண்டிப்பா இருக்கற விஷயம் ஒண்ணே ஒண்ணு: பூங்கா நம்மளோடது மட்டும் இல்ல. நடைபாதைக்குக் குறுக்க எறியற மாதிரி ஹோல் போடவே கூடாது. ஊஞ்சல், சறுக்குமரம் பக்கமும் வேண்டாம். யாராவது வந்தா நில்லுங்க, அவங்க போன் பேசிக்கிட்டே ஆடி அசைஞ்சு போனாலும் சரி. கால்ஃப்ல கத்தற மாதிரி "ஃபோர்!"னு கத்தினா நம்ம ஊர்ல ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க, "சார், பாத்து!"ன்னு கத்துங்க.

காத்து இல்லாத நேரம்னா விடியக்காலைதான், ஆனா அப்போதான் வாக்கிங் கூட்டம். அதனால ஒன்பது, பத்து மணி வாக்குல தொப்பி போட்டுக்கிட்டு வாங்க. அதுக்கு மேல கடல்காத்து கிளம்பிடும். அப்போ கடல் பக்கமா, கிழக்கப் பாத்து எறிஞ்சா காத்து எதிர்ல வரும், டிஸ்க் மேல தூக்கிக்கிட்டு வலது பக்கம் திரும்பும், வலது கைக்காரங்களுக்குச் சொல்றேன். அப்போ தாழ்வா, முன்விளிம்பு மேல தூக்காம எறியுங்க.

பாப்பா கேள்விக்கு வரேன். கூடைக்கு மேல உக்காந்தா கணக்கில்லடா கண்ணு. சங்கிலியில மாட்டணும், இல்ல கீழ இருக்கற தட்டுக்குள்ள விழுந்து நிக்கணும். மேல உக்காந்ததை எடுத்துட்டு, அதுக்கு நேர் கீழ தரையிலேருந்து இன்னொரு தடவை போடு. அந்த எறியும் எண்ணிக்கையில சேரும், அம்மாவை ஏமாத்தக் கூடாது.