ரன் என்கிற சின்னச் சொல் ஓடி வந்த தூரம்

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த மாடியைத் திறந்துவிட்டு நாற்காலிகளைத் தன் கையாலேயே துடைத்துப் போட்ட நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, கேட்கும்போதெல்லாம் இல்லை என்று சொல்லாமல் வட்டத்துக்குக் கைகொடுக்கிற அரிசி மண்டி ஐயா அவர்களே, பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராக வந்திருக்கும் தபால்காரத் தம்பி அவர்களே, பின்னால் நிற்கிற பிளஸ் டூ பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஆரம்பிப்பது முறையில்லை. இந்த வட்டத்தில் ஐந்து பேர் மட்டும் வந்து உட்கார்ந்த நாட்களிலும் கூட்டத்தை ரத்து செய்யக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் அவர். இன்றைக்குப் படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கிறதென்றால் அந்தப் பிடிவாதம்தான் காரணம். தலைமையாசிரியர் ஐயாவுக்கும் தனியாக ஒரு நன்றி. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸை ஒரு மணி நேரம் முன்னாலேயே முடித்துப் பிள்ளைகளை இங்கே அனுப்பியிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பேச வேண்டும். ஒன்று, ஆங்கிலத்தில் ‘ரன்’ என்கிற வினைச்சொல் எப்படி இத்தனை பொருளைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள். மூன்று, ‘செட்’, ‘கெட்’, ‘கோ’ மூன்றின் கதை.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ரொம்ப காலம் ‘செட்’தான் பெரிய சொல். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள், விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள். இப்போது அந்த இடத்தை ‘ரன்’ பிடித்துவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே வினையைத் திருத்தி எழுத ஒன்பது மாதம் உழைத்தார். கணக்குப் பார்த்தால் 645 பொருள். மூன்றெழுத்துச் சொல், ஒண்ணாம் வகுப்பில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற சொல், அதற்கு ஒரு மனிதனின் முக்கால் வருஷம் போயிருக்கிறது!

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது ‘ரன்’ இல்லை. ‘இர்னன்’ என்றும் ‘ரின்னன்’ என்றும் இரண்டு உருவம் இருந்தது. உயிரும் ரகரமும் இடம் மாறிக்கொள்ளும். நம்மிடம் சதை, தசை என்று மாறுகிறதே, அதே கதை. பறவைக்குச் சொல்கிற ‘பேர்ட்’ என்ற சொல்கூட அப்போது ‘பிரிட்’தான். வடக்கே இருந்து வந்து குடியேறிய வைக்கிங் ஜனங்களின் மொழியிலும் இதற்கு உறவான சொல் இருந்ததால் இரண்டும் கலந்து இன்றைய உருவம் நிலைத்தது. அந்தப் பழைய காலத்திலேயே இரண்டு வேலை செய்தது இந்தச் சொல்: மனிதனும் குதிரையும் ஓடுவது ஒன்று, தண்ணீர் ஓடுவது இன்னொன்று. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான ‘ரின்னன்’ இன்றைக்கும் நீர் வழிவதைத்தான் சொல்லும். ஜலதோஷம் பிடித்தால் ஆங்கிலத்தில் மூக்கு ‘ரன்’ ஆகிறதே, அது அந்தப் பழைய நீரோட்டப் பொருளில் வந்ததுதான்.

அப்புறம் கப்பல் ஓடியது, சக்கரம் ஓடியது, காலம் ஓடியது. பிறகு நகரவே நகராதவையும் ஓட ஆரம்பித்தன. சாலை வடக்கே ஓடுகிறது, மதில் ஆற்றோரமாக ஓடுகிறது, மலைத்தொடர் கடலை ஒட்டி ஓடுகிறது. அங்கே ஓடுவது பார்க்கிறவன் கண். நாடகம் இத்தனை நாள் ஓடியது என்றார்கள், நாம் படத்துக்குச் சொல்வதுபோலவே. வங்கி திவாலாகப் போகிறது என்று வதந்தி கிளம்பினால் பணம் போட்டவன் எல்லாம் வாசலுக்கு ஓடுவான், அதற்கும் இதே பெயர்.

கிரிக்கெட் ரன்னைப் பின்வரிசைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் கணக்கு வைக்கிறவர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டு வெட்டாகப் போட்டுக்கொண்டே வருவார். அதனால் அன்றைக்கு ரன்னுக்குப் பெயர் ‘நாட்ச்’, அதாவது வெட்டு. காகிதமும் பேனாவும் வந்தபின் குச்சி போய்விட்டது, ஆட்டக்காரன் ஓடிய ஓட்டமே கணக்கின் பெயராகிவிட்டது.

இன்னொன்று, நாலா பக்கமும் ஏச்சும் அடியும் வாங்கிக்கொண்டே கடந்து போவதை ‘ரன் த காண்ட்லெட்’ என்பார்கள். ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்த 17ஆம் நூற்றாண்டு. ஸ்வீடன் படையில் தப்பு செய்த சிப்பாயை இரண்டு வரிசைக்கு நடுவே ஓட விடுவார்கள், இரு பக்கமும் நிற்கிற சக சிப்பாய்கள் ஆளுக்கு ஒரு அடி கொடுப்பார்கள். அந்தத் தண்டனைக்கு ஸ்வீடிஷ் மொழியில் ‘காட்லொப்’. சந்து ஓட்டம் என்று பொருள். ஆங்கிலேயர் வாயில் அது ‘காண்ட்லோப்’ ஆகி, அதுவும் பழக்கமில்லாமல் போய், இரும்புக் கையுறைக்குச் சொல்கிற ‘காண்ட்லெட்’ என்ற தெரிந்த சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு யாரும் கையுறை மேல் ஓடுவதில்லை. ஆனால் சொல் நிற்கிறது.

பெரிய மாற்றம் எந்திரம் வந்த பிறகுதான். குதிரையை ஓட்டுவதற்கு ‘ரன்’ ஏற்கெனவே உண்டு. நீராவி எஞ்சின் வந்ததும் அதே சொல் எந்திரத்துக்குப் போனது, ரயிலுக்குப் போனது, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கடைக்கும் கம்பெனிக்கும் போனது, கம்ப்யூட்டர் வந்ததும் புரோகிராமுக்குப் போனது. கொஞ்சம் நின்று பாருங்கள். கால் தரையில் படாமல் பாய்வதற்கு இருந்த சொல், கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்து கடையை நடத்துகிறவருக்கும் வந்துவிட்டது. ஓடுகிறவன் மாறிவிட்டான், ஓட வைக்கிறவன் பெயரில் வினை நிற்கிறது. எனக்கு இதைவிட ஆச்சரியமான பயணம் எந்தச் சொல்லிலும் தெரியவில்லை.

தேர்தலையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். ஒரே மொழி, ஒருவன் ஓடுகிறான், ஒருவன் நிற்கிறான். நம் ஊரிலும் தேர்தலில் நிற்கிறார் என்றுதான் சொல்கிறோம்.

என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், எந்த மேடையிலும் நான் விடாத பழமொழி ஒன்று உண்டு: எறும்பு ஊரக் கல்லும் தேயும். 645 பொருளையும் எந்த ராஜாவும் உத்தரவு போட்டு உண்டாக்கவில்லை, எந்தப் புலவரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. மாலுமியும், வண்டிக்காரனும், மில் தொழிலாளியும் ஆளுக்குக் கொஞ்சம் இழுத்தார்கள். எறும்பு ஊரக் கல் தேய்ந்தது.

இப்போது இரண்டாவது விஷயம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

லண்டனில் மொழியியல் கழகம் 1857-இல் இந்த அகராதி வேலையைத் தொடங்கியது. ஒரு சொல் எந்த ஆண்டில் எந்தப் பொருளில் வந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த ஆண்டுப் புத்தகத்தில் அது இருக்கிற வாக்கியம் வேண்டும். ஊரார் எல்லாரும் படியுங்கள், படிக்கும்போது வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861-இல் காசநோயில் இறந்துபோனார், வயது முப்பதுதான். அடுத்து ஃபர்னிவால். நல்ல உற்சாகி, ஆனால் ஒழுங்கு கிடையாது. 1879-இல் ஜேம்ஸ் மர்ரே என்ற பள்ளிக்கூட வாத்தியார் பொறுப்பேற்றார். பதினாலு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திய மனிதர், பிள்ளைகளே, அதைக் கவனியுங்கள்!

ஃபர்னிவால் அனுப்பிய சீட்டு மூட்டைகள் வந்து இறங்கின. சுமார் இரண்டு டன். ஒரு மூட்டையைப் பிரித்தால் செத்த எலி. இன்னொன்றைப் பிரித்தால் சுண்டெலி ஒன்று காகிதத்தைக் கடித்துக் கூடு கட்டிக் குட்டிகளோடு உயிரோடு இருக்கிறது. பல சீட்டில் எழுத்து அழிந்து போயிருந்தது. சரி, இருக்கிற மூட்டைகளை அடுக்கிப் பார்த்தால் சில எழுத்துகள் காணவே காணோம். ‘எச்’ எங்கே? தேடித் தேடிக் கடைசியில் இத்தாலியில், ஃபிளாரன்ஸ் நகரத்தில் கிடைத்தது. ‘பிஏ’ (Pa) என்று தொடங்குகிற சொற்கள் எங்கே? அது அயர்லாந்துக்குப் போயிருந்தது. கேவன் என்ற இடத்தில் ஒரு குதிரை லாயத்தில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து என்ன பயன், பெரும்பகுதியை அடுப்புப் பற்றவைக்கக் கிழித்துவிட்டார்கள்! யாரோ ஊர்பேர் தெரியாத மனிதர்கள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதிய வாக்கியங்கள். மர்ரே உட்கார்ந்து அழவில்லை. தோட்டத்தில் இரும்புக் கொட்டகை போட்டார், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள் வைத்து அலமாரி அடித்தார், மறுபடி ஒரு வேண்டுகோள் அச்சடித்தார், மறுபடி சீட்டு வரத் தொடங்கியது. 1885-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபோனபோது அங்கேயும் ஒரு கொட்டகை. பக்கத்து வீட்டுக்காரர் பார்வையை மறைக்கிறது என்று சொன்னதால் தரையைத் தோண்டிப் பாதி பூமிக்குள் இறக்கிக் கட்டினார்கள். அதனால் ஈரம், குளிர். வீட்டில் பதினொரு பிள்ளைகள், அவர்களுக்குக் கைச்செலவுக் காசு கொடுத்துச் சீட்டை அகர வரிசையில் அடுக்கச் சொன்னார். அடுக்கி அடுக்கி, 1915-இல் இறக்கும்போது அவர் இருந்தது ‘டி’ (T) எழுத்தில். அகராதி முடிந்தது 1928-இல். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது!

ஆனால் மர்ரேவுக்கு ஒரு மனக்குறை இருந்தது, அதுதான் நமக்கு முக்கியம். சீட்டு எழுதினவர்கள் எல்லாம் அபூர்வமான சொல்லாகத் தேடித் தேடி எழுதினார்கள். ‘அபியூஷன்’ என்று யாரும் பேசாத ஒரு சொல்லுக்கு ஐம்பது சீட்டு. தினமும் வாயில் புழங்குகிற ‘அபியூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. சாதாரணச் சொல் கண்ணில் படுவதே இல்லை. ‘ரன்’ போன்ற சொல்லின் வரலாறு நமக்குக் கிடைத்ததே, சாதாரணச் சொல்லையும் எழுதி அனுப்புங்கள் என்று அவர் விடாமல் கேட்டதால்தான்.

தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, நான் இங்கே வந்தது இதற்காகத்தான். நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1924-இலிருந்து 1936-க்குள் ஆறு தொகுதி பேரகராதி கொண்டுவந்தது. வையாபுரிப் பிள்ளை 1926 முதல் பொறுப்பில் இருந்து முடித்த மகத்தான வேலை, மேற்கோளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பொருளையும் ஆண்டு போட்டு வரிசைப்படுத்தியது அல்ல. ‘அடி’ என்ற வினையை எடுங்கள். வெயில் அடிக்கிறது, பெயிண்ட் அடிக்கிறோம், ஃபோன் அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், போர் அடிக்கிறது. ‘போர் அடிக்கிறது’ முதன்முதலில் எந்த வருஷம் அச்சில் வந்தது? இந்த மாடியில் யார் சொல்வீர்கள்? தலைமையாசிரியர் ஐயா சிரிக்கிறார், ஆனால் இதே கட்டடத்தின் கீழ் அறையில் பைண்டு செய்த பழைய வார இதழ்கள் தூசியோடு கிடக்கின்றன, பதில் அதில்தான் இருக்கிறது. அதையும் எடைக்குப் போடலாமா என்று ஒரு பேச்சு கிளம்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து போடாதீர்கள். குதிரை லாயத்தில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது.

நான் கேட்பது இவ்வளவுதான். போஸ்ட் கார்டு அளவு சீட்டு. மேலே வினைச்சொல், நடுவில் வாக்கியம், ஒரு எழுத்துகூட மாற்றாமல். கீழே இதழின் பெயர், தேதி, பக்கம். காதில் கேட்டதானால் ஊர், தேதி. அபூர்வச் சொல் வேண்டாம். ஓடு, போடு, விடு, எடு, பிடி, அடி, இந்த ஆறு மட்டும் இந்த வருஷத்துக்கு. எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

‘செட்’, ‘கெட்’, ‘கோ’ பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அரிசி மண்டி ஐயா சீட்டுக்கான அட்டையை வெட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருக்கு நன்றி. எழுதிய சீட்டுகளை நூலகர் அம்மா மேசையில் இருக்கிற பிஸ்கட் டின்னில் போடுங்கள், மாதக் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு அடுக்க ஆள் வேண்டும், வர முடிந்தவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள்.