விரலை எடுக்கும் நொடி

நேயர்களுக்கு வணக்கம்.

தொடுதிரைக் கைபேசி கையில் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். திரையில் ஒரு பொத்தானின் மேல் விரலை வையுங்கள். எடுக்காமல் அப்படியே வெளியே நகர்த்தி, பிறகு எடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கட்டளை விழுவது விரல் படும்போது அல்ல, எடுக்கும்போதுதான். இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குப் பின்னால் ஆய்வுக்கூடச் சோதனைகள் இருக்கின்றன. அந்தக் கூடத்தை நடத்தியவர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன். மனிதருக்கும் கணினிக்கும் இடையிலான ஊடாட்டமே அவருடைய துறை.

1973-இல் முனைவர் பட்டம் பெற்றவர். அதே ஆண்டில் ஐசக் நாசியுடன் சேர்ந்து, நிரலின் ஓட்டத்தை அம்புக்குறி இல்லாமல் பெட்டிக்குள் பெட்டியாக வரையும் ஒரு முறையைத் தந்தார். நான்கு ஆண்டு கழித்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிரலின் படிகளைப் பெட்டிகளும் அம்புகளுமாகக் காட்டும் விரிவான பாய்வுப்படம் வரைந்தால் நிரல் நன்றாகப் புரியும் என்று அப்போது எல்லோரும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் உளவியல் ஆய்வு முறையில், ஒரு குழுவுக்குப் படத்தோடும் இன்னொரு குழுவுக்குப் படம் இல்லாமலும் வேலை கொடுத்துப் பார்த்தார். படத்தால் குறிப்பிடும்படி எந்தப் பயனும் தென்படவில்லை. 1977-இல் அந்த முடிவு வெளிவந்தது. எது வசதி என்ற கேள்வியை வாக்குவாதத்தில் விடாமல் அளவைக்குக் கொண்டுவருவது அவருடைய வழக்கமாயிற்று.

1983-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஊடாட்ட ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். உளவியலாளர்களும் நூலகவியலாளர்களும் அங்கே கணினிக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். ஹைப்பர்டைஸ் என்ற அவர்களுடைய மென்பொருளில் ஒரு சிக்கல். ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போக, அடியில் எண் போட்ட பட்டியல் வைப்பதா, வாக்கியத்துக்குள் இருக்கும் சொல்லையே தொடும்படி செய்வதா? சொல்லையே இணைப்பாக்கினார்கள். சரி, எந்த நிறத்தில்? சிவப்பு பளிச்சென்று கண்ணில் பட்டது. ஆனால் படித்தவர்களுக்கு வாசகம் மனத்தில் தங்குவது குறைந்தது. நீலம் வெள்ளைப் பின்னணியிலும் கறுப்புப் பின்னணியிலும் தெரிந்தது, படிப்பையும் கெடுக்கவில்லை. ‘இணைப்பு கண்ணில் படுகிறதா’ என்று மட்டும் சோதித்திருந்தால் சிவப்புதான் வென்றிருக்கும்.

இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்த வகைதான். அளவுகோல் ஒன்றே ஒன்று. அதுவும் எளிதில் அளக்கக் கிடைப்பது.

தொடுதிரைக்கு வருவோம். 1980-களில், விரல் நுனியைவிடச் சிறிய குறியைத் துல்லியமாகத் தொட முடியாது என்பதே பொது எண்ணம். விரலே குறியை மறைத்துவிடும். 1988-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு மூன்று முறைகளை ஒப்பிட்டது. ஒன்று, விரல் முதலில் பட்ட இடத்தை மட்டும் ஏற்பது. இரண்டு, விரல் நகர்ந்து எந்தக் குறியை முதலில் தொடுகிறதோ அதை ஏற்பது. மூன்றாவது முறையில், விரலுக்கு அரை அங்குலம் மேலே ஒரு கூட்டல் குறி தோன்றும். அதை நகர்த்தி, சரியான இடம் வந்ததும் விரலை எடுத்தால் தேர்வாகும். இரண்டாவது முறை மூன்றாவதைவிட வேகமாக இருந்தது. ஆனால் பிழைகள் மிகக் குறைவாக இருந்தது மூன்றாவதில்தான். வேகம் ஒரு பக்கம் இழுக்க, பிழை மறுபக்கம் இழுக்கிறது. பணம் அனுப்பும் பொத்தானுக்கு எதை எடுப்பீர்கள்?

இவற்றையெல்லாம் இணைக்கும் கருத்துக்கு 1980-களின் தொடக்கத்திலேயே ‘நேரடிக் கையாளல்’ என்று பெயர் வைத்திருந்தார். பொருள் எப்போதும் கண்முன் இருக்க வேண்டும். கட்டளைச் சொற்களைத் தட்டுவதற்குப் பதில் பொருளையே தொட்டு நகர்த்த வேண்டும். விளைவு உடனே தெரிய வேண்டும், தவறினால் பின்வாங்க முடிய வேண்டும். 1992 வாக்கில் அவர்கள் செய்த வீடு தேடும் மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாஷிங்டன் நகர வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. விலை, படுக்கையறை எண்ணிக்கை ஆகியவற்றுக்கு ஸ்லைடர்கள். ஸ்லைடரை இழுக்க இழுக்கப் புள்ளிகள் மறையும், தோன்றும். படிவத்தை நிரப்பித் தேடினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வரும்; எந்த நிபந்தனை கழுத்தைப் பிடித்தது என்று தெரியாது. ஸ்லைடரில் அது கண்ணெதிரே தெரியும். ஒரு நிபந்தனை உண்டு: திரை சுமார் 0.1 நொடிக்குள் மாற வேண்டும். தாமதித்தால் கைக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு அறுந்து, ஸ்லைடரும் வெறும் படிவமாகிவிடும்.

1990-இல் ஆய்வுக்கூடத்தின் 80 மெகாபைட் வன்தட்டு நிரம்பிவிட்டது. 14 பேர் பங்கிட்ட தட்டு. யாருடைய கோப்பு இடத்தை அடைத்தது என்று பார்க்க, கோப்பின் அளவுக்கேற்ற பரப்பில் செவ்வகங்களை வரைந்தார். அந்த ‘மர வரைபடம்’ இன்று பங்குச்சந்தைப் படங்கள் வரை போயிருக்கிறது. முதல் வடிவில் குறை இருந்தது. கோப்புறைக்குள் கோப்புறை என்று போகும்போது, ஒரு மட்டத்தில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் வெட்டியதால் சில கோப்புகள் நூல் போன்ற கீற்றுகளாயின. பின்னர் வேறு சிலர் சதுரத்துக்கு நெருக்கமாக வெட்டும் வழியைத் தந்தார்கள். அதற்கும் விலை உண்டு: தரவு சற்றே மாறினாலும் பெட்டிகள் இடம் தாவும்.

1997-இல் பாட்டி மேஸ் என்ற ஆய்வாளரோடு அவர் பொதுமேடையில் விவாதித்தார். நமக்காகத் தானே முடிவெடுக்கும் மென்பொருள் முகவர் வேண்டும் என்றார் மேஸ். கட்டுப்பாடு பயனரிடமே இருக்கட்டும் என்றார் இவர். 2022-இல் வந்த செயற்கை நுண்ணறிவு பற்றிய நூலிலும் அதையே தொடர்ந்தார், ஆனால் கேள்வியை மாற்றி. தானியக்கம் கூடினால் மனிதக் கட்டுப்பாடு குறையும் என்று ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கிறோம். அவர் இரண்டு அச்சுகள் வரைகிறார்; இரண்டும் சேர்ந்தே உயரலாம். டிஜிட்டல் கேமராவைப் பாருங்கள். வெளிச்சம், குவியம், கைநடுக்கம் மூன்றையும் கருவி சரிசெய்கிறது. எதை, எப்போது எடுப்பது என்பது நம் விரலில். பிடிக்காவிட்டால் அழிப்பதும் நம் விரலில்தான்.

வணக்கம்.