தப்பு நோட்டு

நேயர்களுக்கு வணக்கம். நீட் தேர்வுக்குத் தயாராவது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது சாயங்காலத்தில் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். நீட் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கு இன்று நான் வரவில்லை, அதற்குப் பத்து நிமிடம் போதாது. தேர்வு இருக்கிறது, பிள்ளை எழுதப்போகிறது, அந்தப் பிள்ளைக்கு மட்டும் பேசுகிறேன்.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரி என்றால் 4, தப்பு என்றால் 1 போய்விடும்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள், இரண்டாவது தடவை எழுதுகிறவள். எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாலும் 430 பக்கத்திலேயே நின்றாள். "விலங்கியல் இன்னொரு தடவை முழுசா படிச்சிடறேன் சார்" என்றாள். படிப்பது இருக்கட்டும்மா, தப்பானதை எல்லாம் ஒரு நோட்டில் எழுது, பக்கத்தில் ஏன் தப்பானது என்றும் எழுது என்றேன். சலித்துக்கொண்டுதான் எழுதினாள். அந்த மாதிரித் தேர்வு ஒன்றில் 118 சரி, 42 தப்பு, 20 விட்டிருந்தாள். அந்த 42-இல் 16 கேள்வி அவளுக்கு நன்றாகவே தெரிந்தவை! "தவறான கூற்று எது" என்று கேட்டிருப்பான், இவள் சரியான கூற்றைப் பார்த்ததும் சந்தோஷத்தில் வட்டத்தைக் கருப்பாக்கியிருப்பாள். தெரிந்ததைத் தப்பாகப் போட்டால் வரவேண்டிய 4-உம் போய், கையிலிருந்து 1-உம் போகிறது, ஆக ஒரு கேள்விக்கு 5. பதினாறைந்து எண்பது. விலங்கியலை மூன்று தடவை படித்தாலும் அந்த எண்பது வந்திருக்காது, ஏனென்றால் ஓட்டை அங்கே இல்லை.

அதனால்தான் தப்பு நோட்டு, தப்பு நோட்டு என்று கத்துகிறேன். என் வீட்டில்கூடக் கிண்டல் செய்கிறார்கள். தெரியாமல் போட்டதா, கேள்வியைச் சரியாகப் படிக்காததா, கணக்கில் சறுக்கியதா என்று ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வரி எழுதினால் போதும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் உங்கள் பிள்ளை எங்கே வழுக்கி விழுகிறது என்று கோலம் போட்டமாதிரித் தெரியும்.

இன்னொன்று. தெரியாததைத் தொடாதே என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு நாலு கேள்விக்கு அடித்தால் சராசரியாக ஒன்று சரி, 4 வரும். மூன்று தப்பு, 3 போகும். அதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆளைக் கவிழ்ப்பது அரைகுறையாகத் தெரிந்த கேள்விதான். சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தால் என்ன விடை வருமோ அதையே ஒரு ஆப்ஷனாக வைத்திருப்பார்கள். நம் விடை அங்கே இருக்கிறதே என்று நிம்மதியாக வட்டத்தை நிரப்பிவிடுவோம். பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. அதற்கும் மருந்து தப்பு நோட்டுதான், மறுபடியும் அதையே சொல்கிறேன், மன்னிக்கணும்.

அப்புறம், தேர்வு நடப்பது மே மாதம் மதியம் 2 மணிக்கு. நம் பிள்ளைகளோ விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பழகியவர்கள், மதியம் சாப்பிட்டதும் கண் சொருகும். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வை 2 மணியிலிருந்து 5 மணி வரை எழுத வையுங்கள், அன்றைக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாளில் ஆங்கிலமும் இருக்கும், இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். 2018-இல் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழகிவிடுங்கள், கேள்வி குழப்பினால் ஆங்கில வரியை ஒரு தடவை பாருங்கள்.

பெற்றோர்கள் பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். முதுகலை நீட் எழுதும் டாக்டர்களுக்கும் இரண்டு வார்த்தை வைத்திருந்தேன், அதுவும் போச்சு. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று வேண்டும். கலந்தாய்வு நேரத்தில் ஓடாமல் இப்போதே போய்க் கேட்டு வாங்கி வையுங்கள். வணக்கம்.