பழைய கார் வாங்குகிறீர்களா? ஏற்காடு மலையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்

[காட்சி: அடிவாரம், காலை வெளிச்சம், மலைப்பாதையின் முதல் ஏற்றம்]

வணக்கம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகும் சேலத்துக்காரர்களுக்குப் பல ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கோரிமேடு தாண்டினால் கொஞ்ச நேரத்தில் மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இந்த ஏற்றத்தில் இன்ஜின், கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் எதுவும் சும்மா இருக்க முடியாது. ஆனால் நம்மில் பலர் ஐந்து ரோட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, ஏசி ஜில்லென்று வருகிறது என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

இன்று நாம் பார்க்கப்போவது ஒரு 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல். நம் பக்கத்து கன்சல்டிங்குகளில், அதாவது பழைய கார் விற்கும் கடைகளில், அடிக்கடி கண்ணில் படும் வண்டி என்பதால் இதை எடுத்துக்கொண்டேன். சொல்வதில் பெரும்பகுதி எந்தக் காருக்கும் பொருந்தும்.

முதலில் நேரம். காலையில் போங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது, மழையில் நனைந்த வண்டியிலும் தெரியாது. அதைவிட முக்கியம், இன்ஜின் ஆறிக் கிடக்க வேண்டும். முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாங்க." போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், "கழுவறதுக்கு நகர்த்துனேங்ணா" என்று பதில் வரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று அன்றைக்குப் பார்க்க முடியாது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

[காட்சி: திறந்த பானெட், ஆயில் மூடியின் உள்பக்கம் நெருக்கத்தில்]

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயமில்லை, டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். பால் கலந்த காபி நிறத்தில் க்ரீம் போலப் படிந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும், ஆயிலோடு தண்ணீர் சேர்கிறது. ஏற்காடு போன்ற குளிரான ஊரில், வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய வண்டியில் மூடியில் லேசாக இப்படிப் படிவது உண்டு. ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவிப் பார்த்து அதிலும் அதே நிறம் என்றால், இன்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் கூலன்ட் டேங்க். உள்ளே பச்சையோ சிவப்போ நீலமோ தெளிவான நிறம் இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பு நிறம் என்றால் வெறும் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிந்து படிந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். டவுனுக்குள் ஓட்டும்போது இது வெளியே தெரியாது. மலையில் தெரிந்துவிடும்.

சரி, சாவியைத் திருப்புங்கள், ஆனால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மீட்டரில் எரியும் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். செக் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் முதலில் எரிய வேண்டும், பிறகு அணைய வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால் அது நல்ல சகுனம் இல்லை. விபத்தில் ஏர்பேக் விரிந்த வண்டிக்குப் புது ஏர்பேக் போட நிறையச் செலவாகும், விளக்கை மட்டும் எரியாமல் செய்துவிட்டால் செலவே இல்லை. 2019 ஜூலையிலிருந்துதான் புது கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால் உங்கள் வேரியன்டில் அது உண்டா என்று முதலில் தெரிந்துகொண்டு போங்கள்.

இப்போது ஸ்டார்ட். ஒருவர் உள்ளே, நீங்கள் சைலன்சர் பக்கம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கொஞ்சம் கறும்புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பாகக்கூட இருக்கலாம், விடாமல் வந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவி பிரச்சினை இல்லை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் பிரச்சினை. அப்புறம் நம் மெக்கானிக்குகள் பார்க்கும் 'பேக் கம்ப்ரஷன்': இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியை மெதுவாகத் திறந்தால், குபுகுபுவென்று புகை அடிக்கக் கூடாது. அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இன்ஜின் வேலை சீக்கிரமே வரும்.

[காட்சி: முன் ஃபெண்டர் போல்ட், விரல் காட்டுகிறது]

பாடிக்கு வருவோம். இங்கே கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோகிறேன். முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வெளித்தகடுதான் ஃபெண்டர். அதை பாடியோடு பிடித்திருக்கும் இந்த போல்ட்டைப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது போல்ட்டும் சேர்த்து பெயின்ட் ஆகியிருக்கும். வலது பக்க போல்ட்டில் பெயின்ட் முழுசாக இருக்கிறது. இடது பக்கத்தில் அறுகோணத்தின் முனைகளில் பெயின்ட் உதிர்ந்து இரும்பு தெரிகிறது. ஸ்பேனர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஃபெண்டரைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று ஓனரிடம் கேட்டேன், டூவீலர் உரசியதில் நசுங்கிப்போய் மாற்றினோம் என்றார். சரி, அந்தப் பதிலை எப்படிச் சரிபார்ப்பது?

ஃபெண்டருக்குப் பின்னால் இருக்கும் உள்தகடான ஏப்ரனைப் பாருங்கள். கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்தால், கூரையைத் தாங்கும் தூணான பில்லரின் ஓரம் தெரியும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக இருக்கும். பட்டறை வெல்டிங் கோணல்மாணலாக இருக்கும், அல்லது பட்டி பூசி மறைத்திருப்பார்கள். இந்த வண்டியில் ஏப்ரனும் பில்லரும் சுத்தம். ஆகவே ஃபெண்டர் மாற்றியது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. சேலத்து நெரிசலில் எட்டு, ஒன்பது வருடம் ஓடிய காரில் பம்பரிலும் கதவிலும் டச்சப் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தோலில் பட்ட அடி வேறு, எலும்பில் பட்ட அடி வேறு. பில்லர், ஏப்ரன், ஃப்ளோர் இவற்றில் வெல்டிங் பார்த்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன், அதாவது டயரின் மேல்கட்டை, நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டிருக்கலாம், எண்ணைப் பாருங்கள். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷனோ கேள்விக்குரியது.

கிலோமீட்டர் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மீட்டரைத் திருத்துவது இன்றைக்குச் சின்ன வேலை. ஸ்டீயரிங் வழவழவென்று தேய்ந்து, பிரேக் பெடல் ரப்பர் மொழுக்கையாகி, மீட்டர் மட்டும் 40,000 காட்டினால் நம்பாதீர்கள். வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் ஆனது என்று பழைய பதிவு கிடைக்கலாம். ஓனரையே கூட்டிப்போனால் வேலை சுலபம்.

ஆனால் மீட்டர் உண்மையாகவே குறைவாகக் காட்டினாலும், அந்த ஓட்டம் எங்கே நடந்தது என்று கேளுங்கள். ஏற்காட்டிலேயே இருந்து, வாரம் இரண்டு மூன்று முறை சேலம் இறங்கி ஏறிய வண்டியின் 40,000 கிலோமீட்டரும், நாமக்கல் ரோட்டில் நாலு வழிச்சாலையிலேயே ஓடிய வண்டியின் 90,000 கிலோமீட்டரும் பக்கத்தில் நின்றால், நான் இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பேன். மலை வண்டியில் கிளட்ச், பிரேக், வீல் பேரிங், ஸ்டீயரிங் எல்லாம் சீக்கிரம் தேயும். பனியும் ஈரமும் அடிப்பாகத்தில் துருவை ஏற்றும். எஸ்டேட் மண் ரோட்டில் ஓடியிருந்தால் இன்ஜின் அடித்தட்டில் அடிபட்ட தழும்பு இருக்கும். அதற்காக மலை வண்டியே ஆகாது என்று சொல்லவில்லை. பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஓனர்கள் மலையில் நிறையப் பேர். கிலோமீட்டர் குறைவு என்பதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டி கழுவித் துடைத்து உள் மாவட்டங்களுக்கும் விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு கழுவினாலும் அந்த நாடாவின் அடியில் சேற்றுக் கறை தங்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் மண், சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை. இதில் ஒன்று இருந்தாலும் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

[காட்சி: கொண்டை ஊசி வளைவு, காருக்குள்ளிருந்து]

இனி மலை. வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஓனரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மே மாதக் கூட்டமும் வேண்டாம். உச்சி வரை போகத்தான் வேண்டும் என்றில்லை, பாதி வளைவுகளே நிறையச் சொல்லும். ஏசியைப் போட்டே ஏறுங்கள்.

இந்த ஸ்விஃப்டில் இருப்பது 1,248 சிசி டர்போ டீசல். டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம். 2,000 ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) கீழே இழுவை குறைவாகத்தான் இருக்கும், அதைத் தாண்டியதும் ஒரே தள்ளாகத் தள்ளும். வளைவில் இரண்டாவது கியரில் மந்தமாகத் தெரிந்தால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், முதல் கியருக்கு மாற்றி எடுத்தால் சரியாக ஏறும். 2,000க்கு மேலே போயும் இழுக்கவில்லை, கூடவே விசில் சத்தமும் கறும்புகையும் வருகிறது என்றால் டர்போவையும் அதன் ஹோஸ்களையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கிளட்ச்சைப் பார்க்க, இரண்டு வளைவுக்கு நடுவே கொஞ்சம் நேராக இருக்கும் ஏற்றத்தில், மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் குபீரென்று ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடையும் வரும். சமதளத்தில் இதே கிளட்ச் இன்னும் பல மாதம் யாருக்கும் தெரியாமல் ஓடும்.

கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது சக்கரத்துப் பக்கமிருந்து டக் டக் டக் என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. வளைவில் பின்னால் வண்டி வந்தால் கவனம் சிதறும், அதனால் இதை அடிவாரத்தில் காலி இடத்தில் இரண்டு பக்கமும் முழு வட்டம் சுற்றி இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

மேலே நல்ல இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். சாய்வில் ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும், டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்க வேண்டும். முள் இல்லாத மாடலில் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் காட்டிக்கொடுப்பது இந்த இடத்தில்தான். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். இன்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே திருப்பில் எடுக்க வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், மலைப்பாதையில் முன்னுரிமை அவர்களுக்குத்தான். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கலாம். ஒரு பக்கம் இழுத்தால் அந்தந்தச் சக்கரத்து பிரேக்கைப் பார்க்க வேண்டும். அடிவாரம் வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில், தொடாமல், கையைக் கொண்டுபோங்கள். முன் சக்கரம் இரண்டும் ஒரே அளவு அனல் அடிக்க வேண்டும். நம் வண்டியில் இடது முன் சக்கரம் மட்டும் தனியாகக் கொதித்தது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரிசெய்யக்கூடிய வேலைதான், ஆனால் டவுனுக்குள் எத்தனை ரவுண்டு அடித்தாலும் இது தெரிந்திருக்காது. ஓனரும் பார்த்தார், அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொள்ள அவரே ஒத்துக்கொண்டார்.

[காட்சி: ஆர்சி, சேசிஸ் எண்]

பேப்பர் வேலை. ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், இருக்கும் சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் லோன் நிலுவை, அபராத செலான் இரண்டையும் பாருங்கள். லோன் இருந்தால், அது முடிந்ததாக பேங்க் கையெழுத்திட்ட ஃபார்ம் 35 வேண்டும். விற்பவர் பெயரும் ஆர்சியில் இருக்கும் பெயரும் வேறு என்றால், நடுவில் கை மாறியும் பெயர் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஆர்சி ஓனரை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். பெங்களூரு வண்டி விலை குறைவாகத் தெரியும், ஆனால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரியும் கட்டிய பிறகு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாததற்காக அவருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி, உங்களுக்கு வராது, அதற்கான வித்தியாசத் தொகையைக் கேட்பார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் ஒரு தாளில் வண்டி எண், சேசிஸ் எண், பேசிய விலை, சரிசெய்து தருவதாகச் சொன்ன வேலைகள், ஆர்சி மாற்றித் தரும் தேதி எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது சாவியையும் அன்றைக்கே கேட்டு, அதிலும் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.