ஹார்வர்டை வென்ற சின்னக் கல்லூரி

வணக்கம் நேயர்களே. விளையாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால், சுற்றிச் சுற்றி நான் ஒரே ஊரில்தான் போய் நிற்பேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இன்றைக்கும் அங்கேதான் போகிறோம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம், டான்வில் என்ற சிற்றூர், அங்கே சென்டர் கல்லூரி. 1921-இல் அங்கே படித்தவர்கள் 300 பேருக்கும் குறைவு.

கால்பந்து என்றதும் உருண்டைப் பந்தை நினைக்காதீர்கள். இது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் பாதி ஆட்டம். கபடியில் பாடி வருகிறவனை அமுக்குவதுபோல, பந்தோடு ஓடுகிறவனை எதிரணி அமுக்கும். அதில் சிக்காமல் கடைசிக் கோட்டுக்கு அப்பால் போய்விட்டால் 6 புள்ளி. இன்றைய கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்தக் காலத்தில் ஹார்வர்ட் என்றால் படிப்பில் மட்டுமல்ல, இந்த ஆட்டத்திலும் பெரிய கை. 1919, 1920 இரண்டு பருவத்திலும் ஒரு தோல்விகூடக் கிடையாது. 1920-இல் சென்டர் அணி அங்கே போனது. பாதி ஆட்டம் முடியும்போது 14-க்கு 14, சமநிலை. முடிவில் 31-க்கு 14 என்று தோற்றது. ஆட்டப் பந்தை ஹார்வர்ட் அணித் தலைவர் நினைவுப் பரிசாக நீட்டினாராம். சென்டர் ஆட்டக்காரர் போ மெக்மில்லின் வாங்கவில்லையாம். அடுத்த வருஷம் வந்து ஜெயித்தே எடுத்துக்கொள்கிறோம் என்றாராம்.

வந்தார்கள். 1921 அக்டோபர் 29. அரங்கில் நாற்பதாயிரம் பேருக்கு மேல். முதல் பாதியில் யாருக்கும் புள்ளி இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் மெக்மில்லின் பந்தோடு புறப்பட்டார். ஒரு பக்கமாக ஓடி, சட்டென்று உள்ளே திரும்பி, 32 கெஜம் கடந்து கோட்டுக்கு அப்பால் போய்விட்டார். அதற்குப் பிறகு ஓர் உதை உண்டு, 1 புள்ளி. அது தவறிப்போனது. 6-க்கு 0. கடைசிவரை அதுவேதான். பக்கத்திலிருந்த எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் சென்டருக்காகக் கத்தித் தீர்த்து, ஆட்டம் முடிந்ததும் கோல் கம்பங்களையே பிடுங்கிவிட்டார்கள்!

டான்வில்லில் சுவர் சுவராக 'சி 6 எச் 0' என்று எழுதினார்கள். வேதியியல் சூத்திரம் மாதிரி இருக்கிறதல்லவா? சென்டர் 6, ஹார்வர்ட் 0. ஒரு கட்டடத்தில் அதை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

சரி, இதை அதிசயம் என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. இந்த அணியின் முதுகெலும்பு டெக்சாஸில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து ஆடிய பையன்கள். அவர்களின் பயிற்றுநர் மையர்ஸ் சென்டரில் படித்தவர். அவர்தான் அவர்களை இங்கே கொண்டுவந்தார். பயிற்சிப் பொறுப்பைப் பிறகு ஏற்ற சார்லி மோரன், கோடையில் பேஸ்பால் நடுவராக வேலை பார்த்தவர், விளையாட்டே பிழைப்பாக இருந்தவர். கிராமத்துப் பையன்களுக்கு ஒருநாள் அதிர்ஷ்டம் அடித்தது என்பது பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த கதை. அந்தப் பருவத்தின் வழக்கமான 9 ஆட்டங்களில் இவர்கள் எடுத்தது 282, கொடுத்தது 6. ஓர் ஆட்டம் 98-க்கு 0! மறுபடியும் சொல்கிறேன்: 282-க்கு 6. அதிர்ஷ்டம் 9 ஆட்டத்துக்கு வராது, நேயர்களே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததே இனிமேல்தான்! சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் அரிசோனாவை 38-க்கு 0 என்று வென்றார்கள். 1922 ஜனவரி 2, டல்லாஸில் டெக்சாஸ் ஏ அண்டு எம். கல்லூரியோடு ஆட்டம். மெக்மில்லினுக்கு அன்று காலையில்தான் கல்யாணம். எதிரணியோ மோரன் முன்பு பயிற்சி கொடுத்த கல்லூரி. அவர்களுக்கு ஆள் அடிபட்டு அடிபட்டு மாற்றாள் தீர்ந்துபோக, பார்வையாளர் பக்கம் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கூப்பிட்டு உடுப்பு மாட்டச் சொன்னார்கள். கடைசிவரை ஓரத்தில் தயாராக நின்றார், ஆடவே தேவைப்படவில்லை. 22-க்கு 14, சென்டர் தோற்றது. ஓர் அணிக்குக் களத்தில் 11 பேர்தான்; அந்தக் கல்லூரி மாணவர்கள் தங்களைப் 'பன்னிரண்டாவது ஆள்' என்று சொல்லிக்கொண்டு ஆட்டம் முழுக்க நின்றபடியே பார்ப்பது அவர் நினைவாகத்தான். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.