உப்பில்லாத ஓட்டம் குப்பையிலே

நடுவர் அவர்களே, வணக்கம். பழைய பந்தய விசைப்படகின் ஓட்டத்துக்குக் கைகொடுப்பது உப்புநீரா, நன்னீரா என்பது தலைப்பு. நான் உப்புநீர் பக்கம். எனக்கு முன்னால் பேசிய நன்னீர் அணி அண்ணன் பாதி நேரத்துக்கு மேல் துருவைப் பற்றியே பேசிவிட்டு, "உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகணும்" என்று பழமொழியும் சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பழமொழியை நான் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். தலைப்பில் இருப்பது ஓட்டம், அதை முதலில் பார்ப்போம்.

நன்னீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் அதே லிட்டர் 1.025 கிலோ வரும். இரண்டரை சதவீதம்தான் வித்தியாசம். இதுக்கா இவ்வளவு பேச்சு என்று எதிரணி அக்கா சிரிக்கிறார், சிரிக்கட்டும். ஒன்றரை டன் படகு ஏரியில் நிற்கும்போது 1,500 லிட்டர் தண்ணீரை ஒதுக்கினால்தான் மிதக்கும். கடலில் 1,463 லிட்டர் ஒதுக்கினால் போதும். இன்னும் 37 லிட்டர் அளவுக்குப் படகின் உடம்பு தண்ணீருக்கு மேலே இருக்கிறது.

பழைய பந்தயப் படகைக் கிளப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நீரின் மேல் ஏறிச் சறுக்க ஆரம்பித்துவிட்டால் அது பறக்கும், ஆனால் அந்த ஏற்றம் வரைக்கும்தான் பாடு. மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் தண்ணீரைத் தோண்டும், இன்ஜின் முனகும், ஓட்டுபவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது, அந்தச் சில நொடி முடிந்து மூக்கு தாழ்ந்தால்தான் அவருக்கு மூச்சு வரும். கியர் மாற்றி இழுக்கிற வசதியெல்லாம் பெரும்பாலான பழைய படகுகளில் கிடையாது. அந்த இடத்தில் கொஞ்சம் மேலே மிதப்பது சும்மா கிடைத்த லாபம்.

அப்புறம், கனமான தண்ணீர் என்றால் உராய்வும் கூடுமே என்றார் அண்ணன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சறுக்கும் படகை வேகம்தான் தூக்கிப் பிடிக்கிறது. தண்ணீர் அடர்த்தியாக இருந்தால் அதே எடையைத் தூக்க அடிப்பலகையில் குறைவான பரப்பு நனைந்தால் போதும். அடர்த்தியால் கூடியதை, நனையும் பரப்பு குறைந்து பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது.

புரொப்பெல்லரிலும் இதே கதைதான். இலை ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் தள்ளுவது கனமான தண்ணீரை, அதனால் பிடிமானம் கூடும், வழுக்கல் குறையும். ஏரியில் பழகியவர் கடலில் ஓட்டும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே நிற்பதைப் பார்த்துவிட்டு, இன்ஜினுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறுவதுண்டு. அவர் பார்க்க வேண்டியது வேகத்தை. இன்ஜினுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கினால் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், சற்றுக் குறைந்த புரொப்பெல்லரைப் போட்டுக்கொண்டால் முடிந்தது.

எதிரணி சொல்லியிருக்க வேண்டிய ஒரு நல்ல வாதம் இருக்கிறது, மறந்துவிட்டார்கள், நானே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட், அதைத் தாங்கும் கால், சுக்கான், இவற்றுக்கு நனையும் பரப்பு குறையாது. உப்புநீரில் இவை இரண்டரை சதவீதம் கூடுதலாகத்தான் இழுக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று புள்ளிகளில் மட்டும் நீரைத் தொட்டு ஓடும் ஹைட்ரோபிளேன் என்ற பந்தயப் படகு முழு வேகத்தில் போகும்போது தண்ணீரைத் தொடுவதே பக்கவாட்டு மிதவைகளின் பின்முனை, புரொப்பெல்லரின் கீழ்ப்பாதி, சுக்கான் என்று கொஞ்சம்தான். மீதியெல்லாம் காற்றில்.

சரி, நீர்வேகச் சாதனைகளுக்கு வருவோம். 1930-இல் சீக்ரேவ் விண்டர்மியர் ஏரியில், 1939-இல் மால்கம் கேம்பல் கோனிஸ்டன் ஏரியில், 1950-இல் 'ஸ்லோ-மோ-ஷன் 4' படகு வாஷிங்டன் ஏரியில், எல்லாமே நன்னீர் என்று பட்டியல் போட்டார்கள். அவர்கள் ஏரியைத் தேடிப் போனது அலையும் ஏற்றவற்றமும் இல்லாத தட்டையான நீருக்காக. உப்பில்லாத ருசிக்காகப் போகவில்லை! தட்டையும் உப்பும் ஒரே இடத்தில் கிடைத்தால் என்ன ஆகும்? மால்கமின் மகன் டொனால்ட் கேம்பலைக் கேளுங்கள். 1955-லிருந்து ஓடிக்கொண்டிருந்த தன் 'புளூபேர்ட் கே7' படகை 1964-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரிக்குக் கொண்டுபோனார். அது உப்பு ஏரி. காற்று அடங்கக் காத்திருந்து காத்திருந்து, டிசம்பர் 31 அன்று, வருஷம் முடிய சில மணி நேரம் இருக்கையில், மணிக்கு 276.33 மைல் எடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் காரில் அவர் தரைவேகச் சாதனை படைத்ததும் ஐர் என்ற உப்பு ஏரியின் காய்ந்த படுகையில்தான். கே7-க்கு ஜெட் இன்ஜின், அதனால் என் புரொப்பெல்லர் வாதம் அதற்குப் பொருந்தாது, அதை அக்கா எடுத்துக் கொடுப்பதற்கு முன் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் 1952-இல் அதே நீர்வேகச் சாதனைக்கு முயன்ற ஜான் காப், 200 மைல் வேகத்தைத் தாண்டியபின் படகு சிதறி உயிரை விட்டது நெஸ் ஏரியில், நல்ல தண்ணீரில். நன்னீர் என்றால் பத்திரம் என்பதும் இல்லை.

இனி அண்ணனின் துருவுக்கு வருகிறேன். பழைய படகு என்றால் பெரும்பாலும் மரம். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. மேல்பலகை இடுக்கில் இறங்கித் தேங்குகிற மழைத்தண்ணீர்தான் நிஜமான எமன், அது நன்னீர்! மரம் துளைக்கும் கடற்புழு என்று பயமுறுத்தினார், புழு வந்து குடியேற வேண்டுமென்றால் படகு தொடர்ந்து கடலிலேயே கிடக்க வேண்டும். பந்தயப் படகு ஓடி முடித்ததும் டிரெய்லரில் ஏறிவிடுகிறது.

ஆனால் உலோகத்தில் அவர் சொன்னது உண்மை. ஓடும் நீரை நேராக உள்ளே இழுத்துக் குளிரவைக்கும் இன்ஜினில் உப்பு படியும். வெண்கலமும் அலுமினியமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அலுமினியத்தை அரிக்கும். ஸ்பார்க் பிளக் ஒயரில் காய்ந்த வெள்ளைப் படிவத்தில் மறுபடி சாரல் பட்டால் மின்சாரம் கசிந்து ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும். இதற்குத்தான் மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறோம், ஒயருக்கு உறை போடுகிறோம், ஓட்டம் முடிந்து கரையேறியதும் குழாயை மாட்டி, வெளியே வரும் தண்ணீரை நாக்கில் தொட்டால் கரிக்காத வரைக்கும் இன்ஜினுக்குள் நல்ல தண்ணீரை ஓடவிடுகிறோம்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகணும், அண்ணன் சொன்னது சரிதான். அவர்களின் நன்னீருக்கு இந்தப் பந்தயத்தில் வேலையே இல்லை என்று நான் சொல்லவே இல்லையே நடுவர் அவர்களே, அதன் வேலை படகு கரையேறிய பிறகு.